இன்னும் வலிக்குது சார்

“கை இன்னும் வலிக்குதாம்மா?”

“வலிக்குது சார். கொஞ்சம்கூடக் குறையல. உங்க குரல்தான் கம்மியிருக்கு. இருமலுக்கு ஏதாவது குடிச்சீங்களா?”

“கேள்வி கேட்கிற ஆள் நான்மா.”

“நான் கேட்டா ஆகாதா?”

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் ‘போன் சார்’. தடுப்பூசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளைக் கூப்பிட்டு, ஏதாவது தொந்தரவு உண்டா என்று விசாரிப்பது அவர் வேலை. ஒன்றும் இல்லை என்றால் அன்றோடு சரி. வலி, காய்ச்சல் என்பவர்களை மட்டும் அடுத்த வாரமும் கூப்பிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவார்கள். இந்தப் பெண் மட்டும் வாராவாரம் வலிக்கிறது என்றாள்.

பக்கத்து நாற்காலி நர்ஸ் சும்மா விடுவாளா?

“செவ்வாய்க்கிழமைன்னா இஸ்திரி போட்ட சட்டையோட வர்றீங்க. போன்ல சட்டை தெரியாது சார்.”

போன் சார் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அந்தக் குரலுக்காக வாரம் முழுவதும் ஏங்கிக் கிடப்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று மதியம் டாக்டரம்மா வந்து நின்றார்.

“இந்த ஊசி வலி மிஞ்சிப் போனா மூணு நாள் சார். மாசக்கணக்கா வலிக்குதுன்னா, ஊசியில ஏதோ கோளாறுன்னு மேல எழுதணும். எழுதினா, விசாரணை முடியற வரைக்கும் யாருக்கும் போட முடியாது. இன்னொரு தடவை கூப்பிட்டு நல்லா விசாரிங்க.”

வெளியே வராந்தாவில் கர்ப்பிணிகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஊசிக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே போனை எடுத்தார்.

“எந்தக் கைம்மா வலிக்குது?”

“வலது கை சார்.”

“ஊசி போட்டது இடது கையில.”

“அப்ப... இடது கைதான் சார்.”

“பொய் சொல்லாதம்மா. உன் பொய்யால ஊசி மேல பழி வரும். இங்க எத்தனை பேர் காத்துட்டிருக்காங்க தெரியுமா?”

“வலி இல்லன்னு எழுதிட்டா இனிமே கூப்பிட மாட்டீங்க, இல்ல?”

“மாட்டோம்.” பேனாவைத் திறந்தார். “குழந்தை நல்லா அசையுதா?”

“உதைக்குது. உங்க குரல் கேட்டா இன்னும் அதிகமா உதைக்குது.”

‘வலி இல்லை’ என்று எழுதினார். பேனாவை மூடினார். போனை வைக்கத்தான் மனம் வரவில்லை.

“அப்ப... வச்சிடவாம்மா?”

“காதலிச்சவரைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னப்போ, ‘என் முகத்துல முழிக்காதே’ன்னுதான் சொன்னீங்க,” என்றாள் அவள். “பேசாதேன்னு சொல்லலையே, அப்பா.”