ஆணியில் இல்லாத சாவி

முட்டுக்காட்டு வீட்டு ஜன்னலோரக் காலை வெயிலில், உறை பிரிக்காத ஐந்து சொட்டு மருந்துப் புட்டிகளை அஞ்சலை டக் டக்கென்று வைக்கிறாள். கண்ணுக்குள் ஏறும் அழுத்தத்துக்குத் தினமும் விடவேண்டிய மருந்து. அவள் புருஷன் அப்பாசாமியோ, டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் வேறொரு புட்டியிலிருந்து விட்டுக்கொண்டு போய், அழுத்தம் சரியாக இருப்பதாக நல்ல பேர் வாங்கியிருக்கிறான். “யார ஏமாத்திகினு கீற? போன பார்வ திரும்பாதுன்னு டாக்டரு சொன்னாரே!” என்று கத்துகிறாள். “வலியே இல்ல, இன்னாத்துக்குக் கத்துற? சிறுசேரி கம்பெனி வண்டிய நான்தான ஓட்டிகினு கீறேன்?” என்றபடி காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு, எதிர்ச்சுவர் ஆணியைப் பார்க்கிறான். ஆணி காலியாக இருக்கிறது. “சாவி எங்கடி?” அவள் அவன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவனுடைய இடது கண்ணோரத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெயிலில் மின்னும் சாவியைச் சத்தமில்லாமல் நீட்டிப் பிடித்திருக்கிறாள். அவன் ஆணியையே முறைத்துக்கொண்டிருக்கிறான்.