முழுக்கைச் சட்டை

பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. டப்பாவில் என்றைக்குமே பிஸ்கட் இருந்ததில்லை. வலி மாத்திரைதான். ஒவ்வொரு தையல் மெஷின் மேலும் ஒன்று வைத்துக்கொண்டே போவார். இடுப்பு வலி என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது.

காலர் தைப்பவள் மட்டும் தன் மாத்திரையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள்.

"என்னம்மா புதுசா?"

"வேண்டாம் சார். எங்க அக்கா இதே மெஷின்ல ஒன்பது வருஷம் உட்கார்ந்தா. தினமும் ரெண்டு முழுங்கினா. இப்ப ரெண்டு கிட்னியும் போச்சு."

"மாத்திரை மேல பழி போடாத. இருபது வருஷமா நானும்தான் போட்டேன். கல்லு மாதிரி நிக்கலையா?"

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அப்ப எங்க முன்னாடி ஒண்ணு முழுங்குங்க சார். நாங்க நாற்பது பேரும் முழுங்கறோம்."

"எனக்கென்ன வலியா? வாய் ரொம்ப நீளுது. நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"வரலை. சட்டையோட இடது கையை மட்டும் கொஞ்சம் மடிச்சு விடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

அவருடைய வலது கை தானாகப் போய் இடது கையைப் பொத்திக்கொண்டது.

"நேத்து ஹெட் ஆபீஸ் மீட்டிங்னு கிளம்பினீங்களே சார். டயாலிசிஸ் வார்டுல எங்க அக்காவுக்கு அடுத்த கட்டில்ல, அந்தக் கையில ஊசியும் குழாயுமா படுத்திருந்தீங்க. கண்ணை மூடி குளிர்ல நடுங்கிட்டு இருந்தீங்க. நான்தான் ரெண்டு பேருக்கும் போர்த்தி விட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து தன் மாத்திரையை டப்பாவில் போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது.