இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு

கணவனின் சிகிச்சை முடியும்வரை, இரண்டு மாதத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும். கூடவே, ஊரில் விட்டுவர ஆளில்லாத ஒரு நாய், பூந்தி. நாய் என்றதுமே எல்லா வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்தினார்கள். புரோக்கர் கடைசியாகச் சொன்ன வீட்டின் மணியை ஜெசிந்தா அலுப்புடன் அடித்தாள். கதவைத் திறந்த அம்மாள் அவளைப் பார்க்கவேயில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து நாயின் தாடையைச் சொறிந்தாள். பூந்தி மல்லாந்து வயிற்றைக் காட்டியது.

“எங்க ஜூலி இப்படித்தான் படுப்பா. இவ தாராளமா இருக்கலாம்.”

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. பூந்தியுடன் கூடத்துக்குள் வந்து, காலையிலிருந்து சுமந்த பையைக் கீழே வைத்தாள்.

“இவளுக்கு என்ன சாப்பாடு?”

“தயிர்சாதம்தாம்மா.”

“நீங்க?”

ஜெசிந்தா தயங்கினாள். “நாங்க எல்லாமே சாப்பிடுவோம்மா.”

அம்மாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “கவிச்சி இந்த வீட்டுக்கு ஒத்துவராதும்மா. நீங்க வேற இடம் பாத்துக்கங்க.” பிறகு பூந்தியைப் பார்த்தாள். “இவ வேணும்னா இங்கயே இருக்கட்டும்.”

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சங்கிலியை இழுத்தாள். மின்விசிறிக்குக் கீழே, குளிர்ந்த தரையில், பூந்தி கண்ணை மூடிக் கிடந்தது. அவள் இன்னொரு முறை இழுக்கவில்லை.