சரிபார்த்தேன்

தங்கப்பழம் அண்ணாச்சி மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனால் மூன்றரைக்குத்தான் நகைக்கடைக்குத் திரும்புவார். கடைப்பெண் ஷீலா முன்கடையில் யாருக்கோ கொலுசு காட்டிக்கொண்டிருந்தாள். பின்னறையில் சுவரில் ஒரு கேமராவும், கடைக் கேமராக்களின் கம்ப்யூட்டரும், பாலிஷுக்கு வந்த நகைகள் கிடக்கும் மேஜையும், மாரிச்செல்வமும் மட்டும்.

மேஜை டிராயரில் எட்டுப் பவுன் ஆரம் ஒன்று இருந்தது. ஆவணியில் புளியங்குடியில் மச்சினி கல்யாணம். அங்கே தன் மனைவி அனு மட்டும் இரவல் நகையோடு நிற்பதை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது.

சங்கரன்கோவிலில் பதினோரு கடைகளின் கேமராக்கள் அவன் பராமரிப்பில். மாதம் ஒருமுறை வருவான். திரையில் படம் ஓடுகிறதா என்று நின்றபடியே பார்ப்பான். நோட்டில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஜாவா என்ற மென்பொருள் பழசும் புதுசுமாக இரண்டு பதிப்பு உண்டு. திரையில் படம் காட்டும் புரோகிராம் புதுசு கேட்கும், பதினேழு. படத்தைப் பதிவு செய்யும் சர்வரோ பழைய எட்டைத் தவிர வேறெதையும் தொடாது. ஒத்துப்போகாத இரண்டு மருமகள்களுக்குத் தனித்தனி அடுப்பு வைத்த மாதிரி அவன்தான் பிரித்து வைத்திருந்தான். சர்வருக்குப் பதினேழைக் கொடுத்தால் அது படுத்துவிடும். திரையில் படம் பாட்டுக்கு ஓடும். பதிவு மட்டும் ஆகாது.

சர்வருக்கு எட்டு என்றிருந்த ஒரே ஒரு வரியைப் பதினேழு என்று மாற்றினான். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டான். பிறகு சாவகாசமாக டிராயரைத் திறந்தான். போகும்போது நோட்டில் கையெழுத்துப் போடவும் மறக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி போன் போட்டு வரச் சொன்னார். கடையில் எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார்.

“எட்டுப் பவுன் ஆரத்தைக் காணோம்லே மாரி” என்றார் அண்ணாச்சி.

“ஐயோ! கேமராவைப் பாத்தியளா அண்ணாச்சி?”

“சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டோம். மூணு மாசமாப் பதிவே ஆகாமக் கெடந்திருக்காம்லே.”

மாரிச்செல்வத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அடப்பாவமே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். மனசுக்குள் சங்கரநாராயணருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

எஸ்.ஐ. கையெழுத்து நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “மூணு மாசத்துக்கு முன்னால சர்வர் தானாவே அப்டேட் ஆயிருக்கு தம்பி. அதுல இருந்து அதுக்கு ஜாவா எட்டு ஆகாதாம், பதினேழுதான் வேணுமாம். நேத்து ரெண்டேகாலுக்கு யாரோ புண்ணியவான் அதைச் சரியா மாத்திக் குடுத்திருக்கான்.”

நோட்டை மூடி வைத்தார்.

“மூணு மாசத்துக்கு அப்புறம் முதல்ல பதிவானது உங்க முகம்தான்.”