பிழையின் பூர்வீகம்

“மூலக் கட்டுரையை நீ கண்ணால பார்க்காம, உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று பேராசிரியர் சொல்லி ஒரு வாரமாகிறது. மூலக்கூறுப் பரிணாமம் பற்றி எழுதுகிற எல்லோரும் மேற்கோள் காட்டும் பழைய கட்டுரை அது. நூலகத் தூசியெல்லாம் தலையில் சுமந்துகொண்டு மாணவி வந்து நின்றாள்.

“கிடைச்சிருச்சு சார். ஆனா எல்லாரும் போட்டிருக்கிற பக்கத்துல இல்ல. அங்க தவளையோட தோலைப் பத்தி வேற ஏதோ இருக்கு.”

“அப்ப ஒருத்தனும் மூலத்தைத் திறந்தே பார்க்கல! ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பியடிச்சிருக்கான்.”

“ஆமா சார். மரபணு மாற்றம் வம்சம் வம்சமா இறங்குற மாதிரி இந்தத் தப்பும் இறங்கியிருக்கு. கட்டுரை கட்டுரையா பின்னாடியே போய், முதல்ல தப்பா எழுதினவங்களைப் பிடிச்சுட்டேன்.”

“சபாஷ்! யாரு அந்தச் சோம்பேறி? மாநாட்டு மேடையிலயே மானத்தை வாங்குறேன்.”

மாணவி ஓரடி பின்னால் நகர்ந்தாள். “நீங்க கோவிச்சுக்கக் கூடாது…”

“என்னையா சொல்ற? நான் எதையும் சரிபார்க்காம எழுதினதே இல்ல!”

“நீங்க இல்ல சார். நம்ம துறைத் தலைவர் மேடம்.”

பேராசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

“பக்க எண்தானே, யாருக்கும் கை தவறும். இதை இத்தோட விட்டுடு.”

“மேடம்னா உங்களுக்குமா சார் பயம்?”

“உனக்கென்னம்மா, சாயங்காலம் உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் அவ இருக்கிற வீட்டுக்குத்தானே போகணும்!”