உப்பில்லாத மூன்று மாதம்

பெஞ்சில் உட்கார்ந்ததும் பங்காரம்மா இடது கையை நீட்டினாள்.

திருத்தணி ஆஸ்பத்திரிக்கு இது நாலாவது நடை. முந்தின மூன்று தடவையும் வலது கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார்கள். பட்டை இறுகும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பிரஷர் நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

அது இறங்காமல் மெட்ராஸில் ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டு பெண்கள் போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் அவள். எழுபத்தேழு கார்த்திகைப் புயலில் கடல் ஊருக்குள் வந்து இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டது. ஆந்திரக் கரையிலிருந்து புருஷனோடு பொதட்டூர்பேட்டைக்கு வந்து, அவன் அண்ணன் வீட்டுத் தறியில் ஒண்டிக்கொண்டாள். அன்று கருக்குழாயில் போட்ட முடிச்சை இப்போது ஆபரேஷனில் அவிழ்க்க வேண்டும். இன்னொரு பிள்ளை வேண்டும்.

மூன்று மாதமாக நாக்கில் உப்புப் படவில்லை. வீட்டில் எல்லோரும் முருகனுக்கு விரதம் என்று நினைத்தார்கள். அவளும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சொல்லுவாங்க. இவ இன்னாடான்னா அதையே தின்னுகினு கீறா" என்று ஓரகத்தி இடித்துக் காட்டுவாள்.

பங்காரம்மா அடுத்த கவளத்தை உருட்டுவாள். ஆவக்காய் ஜாடி திறந்தால் மட்டும் எழுந்து தறிக்குப் போய்விடுவாள். வீம்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நர்ஸ் ஃபரீதா இடது கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினாள். பாதரசம் ஏறியது, இறங்கியது. நம்பிக்கை வராமல் மறுபடியும் ஒருதரம் பார்த்தாள்.

"நூத்தி முப்பத்தாறு. இன்னாம்மா பண்ணே?"

டாக்டர் மெட்ராஸுக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பங்காரம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வாசல் வரை போனாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போனவள் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை வலது கையை நீட்டினாள்.

"இதுலயும் ஒரு தபா கட்டுங்கம்மா. அளக்க வேணாம்."

ஃபரீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கட்டினாள்.

பட்டை இறுகியது. முழங்கைக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீரில் சின்னவள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த இடம்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கம்மா" என்றாள் பங்காரம்மா.