பார்த்தது: ஒன்று

“செந்தோள் பருந்து. ஒண்ணு. எழுது, ஆர்டித்.”

நான் எழுதவில்லை.

ஹார்லன் திரும்பிப் பார்த்தான். எங்கள் பறவைக் குழுவுக்கு இருபத்தாறு வருடமாக அவன்தான் தலைவன். அதற்கு முன்பு என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் பின்னால் நான்கு பேர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஓக் மரங்களுக்குள் காதைக் கொடுத்து நின்றார்கள். லாவோன் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இந்தச் சரணாலயத்தில் செந்தோள் பருந்து தென்பட்டு நான்கு வருடம் ஆகிறது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்தில் நிற்பவர்கள் பேசினால் கேட்கும். பறவைகளின் கீச்சுக் குரல்கள் எனக்கு எட்டாமல் போய் மூன்று வருடம்.

அதனால்தான் அன்று காலை, வருடாந்தரப் பறவைக் கணக்கெடுப்புக்குக் கிளம்பும் முன், வண்டிகளை நிறுத்துமிடத்திலேயே, குறிப்பேடு என் கைக்கு வந்தது.

“புதுசா காது மெஷின் வாங்கியிருக்கியாமே. நல்லது. ஆனாலும் இந்த வருஷம் நீ எழுது, நாங்க சொல்றோம்,” என்றான் ஹார்லன். டோனட் பெட்டியையும் சேர்த்தே நீட்டினான்.

குறிப்பேடு கைக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறவர் பறவையை அடையாளம் சொல்வதில்லை. எனக்கு முன்னால் அதைச் சுமந்த டெல்மர் அடுத்த கணக்கெடுப்புக்கு வரவே இல்லை.

விஸ்கான்சினில் ஏப்ரல் கடைசியிலும் காது விறைக்கும். கம்பளித் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, குறிப்பேட்டை வாங்கிக்கொண்டேன்.

“என்ன, பென்சில் உறைஞ்சு போச்சா?” என்றான் ஹார்லன் இப்போது.

“பருந்து எங்க இருக்கு?”

“எங்கன்னா? குரல் கேட்டுச்சு. கேட்டாலே கணக்குதான், உனக்குத் தெரியாததா? ஆறு பேர்ல அஞ்சு பேர் கேட்டோம்.”

“அஞ்சு பேரும் கண்ணை மூடிக்கிட்டுதானே கேட்டீங்க?”

லாவோன் என் முழங்கையைக் கிள்ளினாள். “விட்டுடுடி ஆர்டி. காலங்கார்த்தால எதுக்கு வம்பு?”

விட்டிருக்கலாம். தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் குறிப்பேடுகூட எனக்குக் கிடையாது.

ஆனால் காது போனதிலிருந்து நான் முகங்களைப் பார்த்துப் பழகியிருந்தேன். அன்றும் முதலில் முகங்களைப் பார்த்தேன். பிறகுதான் மரத்தை.

மூன்றாவது ஓக்கின் மொட்டைக் கிளையில் ஒரு நீல ஜே பறவை உட்கார்ந்திருந்தது. எங்கள் எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் வேர்க்கடலை திருடுகிற அதே கொண்டைக்காரன்.

அது வாயைத் திறந்தது. ஐந்து தலைகளும் வலப்பக்கம் சாய்ந்தன.

மூடியது. தலைகள் நிமிர்ந்தன.

மறுபடி திறந்தது. மறுபடி சாய்ந்தன.

“ஹார்லன், கண்ணைத் திற. அதோ, அந்த ஜேயோட வாயைப் பாரு.”

ஐந்து பைனாகுலர்கள் ஏறின. ஜே கழுத்தை நீட்டி, பருந்தின் குரலில் இன்னொரு முறை கத்தியது. கத்தியிருக்க வேண்டும், ஹார்லனின் பிடரி சிவந்ததை வைத்துச் சொல்கிறேன்.

லாவோனுக்குச் சிரிப்பு பீறிட்டது. “அடப்பாவி! போன வாரம்தானே பள்ளிக்கூடத்துல போய்ப் பாடம் எடுத்தே, ஜே பருந்து மாதிரியே கத்தும், ஏமாந்துடாதீங்கன்னு!”

ஹார்லன் சிரிக்கவில்லை. “அப்ப பருந்து இல்ல,” என்றான். அந்த மூன்று சொல்லில் நான்கு வருடம் இருந்தது.

நான் பைனாகுலரை இறக்கவில்லை.

ஜே எங்களைப் பார்த்துக் கத்தவில்லை. தனக்குப் பின்னால், கீழே, எதையோ திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அதன் அலகு காட்டிய வழியிலேயே பைனாகுலரை நகர்த்தினேன். நான்கு மரம் தள்ளி ஒரு கவட்டை. கவட்டையில் குச்சிகளின் குவியல். குவியலின் விளிம்பைத் தாண்டி ஒரு வால்: கறுப்பு, மெல்லிய வெள்ளை, கறுப்பு, மெல்லிய வெள்ளை.

வாலுக்கு அந்தப் பக்கம், செம்பழுப்பாய் ஒரு தோள்.

மூச்சுக் காட்டாமல் அடைகாத்துக்கொண்டிருந்தது.

“இல்லாமலா?” என்றேன். “அந்த ஜே பின்ன யார்கிட்ட பாட்டு கத்துக்கிச்சாம்?” கையை நீட்டிக் காட்டினேன்.

ஐந்து பைனாகுலர்களும் அந்தப் பக்கம் திரும்பின. பிறகு ஹார்லன் தொப்பியைக் கழற்றினான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குக்கூட அவன் கழற்றியதில்லை.

குறிப்பேட்டை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

“பிடி. செந்தோள் பருந்து. ஒண்ணு. கேட்டதுன்னு போடாதே, பார்த்ததுன்னு போடு. கூட்டோட.”

எழுதினான். சரணாலயத்தைச் சுற்றி முடிக்கும்வரை குறிப்பேடு அவன் கையிலேயே இருந்தது. பறவை சொன்னது நான்.

திரும்பி நடக்கும்போது லாவோன் என் கம்பளித் தொப்பியைத் தட்டினாள். “மெஷின் பிரமாதமா வேலை செய்யுது போல!”

“பிரமாதம்,” என்றேன்.

தொப்பி உரசினால் காது மெஷின்கள் ஊளையிடும். அதனால் காலையிலேயே கழற்றியாகிவிட்டது. கோட்டுப் பையில், புதினா மிட்டாய் டப்பாவுக்குள், இரண்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

காதில் இருந்திருந்தால், ஆறாவது ஆளாக நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பேன்.